துணியை முழுவதும் விலக்கிப் பாருங்கள்: பச்சிளங்குழந்தையின் தோலில் தோன்றும் ரத்தப் புள்ளிகள் குறித்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை அதிகாரிகளுக்கும், அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

பிரசவ வார்டிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையையும், அனுப்புவதற்கு முன்பு நல்ல வெளிச்சத்தில், உடலில் ஒரு துணியும் இல்லாமல், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ஒரு செவிலியர் பார்க்க வேண்டும். தோலில் கண்டதை நேரம் குறித்து எழுத வேண்டும். எழுதியதை மருத்துவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். இதைக் கட்டாய நடைமுறையாக்குங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கழித்து ஓய்வுபெற்ற செவிலியர் நான்.

‘பரிசோதனைதான் ஏற்கெனவே நடக்கிறதே’ என்று நீங்கள் சொல்லலாம். நடக்கிறது, மறுக்கவில்லை. எடை பார்க்கிறோம், பிசிஜி போடுகிறோம், போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறோம், தாய்ப்பால் குடிக்கிறதா என்று கேட்கிறோம், பதிவேடுகளை நிரப்புகிறோம். ஆனால் டவலில் சுற்றிய குழந்தையின் முகத்தையும் தொப்புளையும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதும் பழக்கமும் நம் வார்டுகளில் வேரூன்றியிருக்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99க்கும் மேற்பட்டவை மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அதாவது, இந்த மாநிலத்தில் பிறக்கும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் வாழ்வின் முதல் இரண்டு மூன்று நாட்களைச் செவிலியர் ஒருவரின் கண் எதிரே கழிக்கின்றன. வேறு பல மாநிலங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. அதைத் தோல் விஷயத்தில் நாம் வீணடிக்கிறோம்.

நான் பேசுவது மிகச் சிறிய ஒரு புள்ளியைப் பற்றி. கேழ்வரகு மணியை விடச் சிறியது. 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தோலின் நுண்குழாய்களிலிருந்து கசிந்து அங்கேயே தங்கிவிட்ட ரத்தம் அது. விரலால் அழுத்தினாலும் கண்ணாடி ஸ்லைடை வைத்து அழுத்தினாலும் வெளுக்காது. பிறந்த குழந்தையின் உடம்பில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் இந்த வகை இல்லை. இரண்டாம் நாள் மூன்றாம் நாளில் மார்பிலும் முதுகிலும் திட்டுத்திட்டாகச் சிவந்து நடுவில் சிறு முத்துப்போல் எழும் தடிப்பு பாதிக்குப் பாதி குழந்தைகளுக்கு வரும். அழுத்தினால் வெளுக்கும், தானே மறையும். வேர்க்குருவும் கொசுக்கடியும் அப்படித்தான். இடுப்புக்குக் கீழே நீலச் சாம்பல் நிறத்தில் பரந்திருக்கும் பிறவித் திட்டு நம் குழந்தைகளில் மிகச் சாதாரணம்; அது அழுத்தினால் வெளுக்காது, ஆனால் அது ரத்தக் கசிவும் இல்லை, பல மாதங்கள் அதே இடத்தில் அதே அளவில் கிடக்கும்.

ரத்தப் புள்ளிகளிலேயே கூடப் பயப்பட வேண்டாதவை உண்டு. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை, முகம் முன்னால் வந்து பிறந்த குழந்தை, வலி வந்தவுடன் சட்டென்று பிறந்துவிட்ட குழந்தை ஆகியோருக்கு நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் புள்ளிகள் நெருக்கமாக விழுந்து, முகமே நீலம் பாய்ந்ததுபோல் இருக்கும். புதிதாக வந்த செவிலியர் ஆக்சிஜனுக்கு ஓடுவார். மூத்த செவிலியர் வாயைத் திறந்து நாக்கைப் பார்ப்பார். நாக்கும் உதடும் சிவந்திருந்து, குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால், பிறப்பின்போது ஏற்பட்ட அழுத்தத்தால் வந்தது அது என்று விளங்கிவிடும். அத்தகைய புள்ளிகள் கழுத்துக்கு மேலேயே நிற்கும். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாகச் சேராது. சில நாட்களில் மங்கிப் போய்விடும்.

மார்புக்குக் கீழே இறங்கியவை, பிறந்தபோது இல்லாமல் பிறகு தோன்றியவை, காலையில் பத்து இருந்து மாலையில் முப்பது ஆனவை: இவைதாம் என் கவலை. இவற்றில் எதைக் கண்டாலும் அந்தக் குழந்தையின் தட்டணுக்களை (ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டுகளை) அன்றே எண்ணிப் பார்த்தாக வேண்டும். பச்சிளங்குழந்தைக்கும் பெரியவர்களைப் போலவே ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000க்கு மேல் தட்டணுக்கள் இருக்க வேண்டும். 50,000க்குக் கீழே போனால் அது கடுமையான குறைவு.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பாடத்திட்டக் குழுவினர் எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. செவிலியர் படிப்பில் எங்களுக்குக் காட்டப்பட்ட படங்கள் அத்தனையும் வெளுத்த தோலுடைய குழந்தைகளின் படங்கள். வெள்ளைத் தோலில் சிவப்புப் புள்ளி தூரத்திலிருந்தே தெரியும். மாநிறமும் கறுப்புமான நம் குழந்தைகளின் தோலில் அந்தப் புள்ளி சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாக, சில வேளை வெறும் கறுப்புப் பொட்டாகத் தெரியும். மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ்க் கிடத்தப்பட்ட குழந்தையின் தோலில் எதையுமே நம்பிச் சொல்ல முடியாது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வார்டின் மங்கிய டியூப் லைட்டிலும், கெட்டியாகப் பூசிய பவுடருக்கு அடியிலும், எண்ணெய்ப் பளபளப்பிலும் புள்ளிகள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

எனவே கறுத்த தோலுடைய குழந்தையைப் பார்க்கும்போது இடம் தெரிந்து பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் மேலண்ணம், கீழிமையை மெல்ல இறக்கினால் தெரியும் உட்புறம் ஆகிய இடங்களில் நிறம் குறைவு என்பதால் கசிவு முதலில் அங்கே கண்ணில் படும். அதன்பிறகு அடிவயிறு, தொடை இடுக்கு, அக்குள். கடைசியாக, எதெல்லாம் உடலைப் பிடித்திருந்ததோ அந்த இடங்கள்: அடையாளப் பட்டை கட்டிய மணிக்கட்டு, அரைஞாண் கயிறு பதிந்த இடுப்பு, ரத்தம் எடுப்பதற்காக ரப்பர் கட்டிய முன்கை. ரப்பரை அவிழ்த்த பிறகு அதற்குக் கீழே பொடிப்பொடியாகப் புள்ளிகள் விழுந்திருந்தால் அது தற்செயல் இல்லை. தட்டணுக் குறைவின் முதல் தடயமாக இருக்கலாம். பெரும்பாலும் ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சமே போதும். அது கிடைக்காத வார்டுகளுக்கு வெள்ளை ஒளி தரும் ஒரு பரிசோதனை விளக்கு வாங்கிக் கொடுங்கள்.

சென்னை எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனையும் மகப்பேறு மருத்துவமனையும் அருகருகே இருக்கின்றன. தமிழகம் முழுவதிலுமிருந்து நோயுற்ற பச்சிளங்குழந்தைகள் அங்கே வந்து சேர்கின்றன. பெற்றோரின் ஒப்புதலோடு, முகம் தெரியாமல், நம் குழந்தைகளின் தோலில் இந்தப் புள்ளிகள் எப்படித் தெரிகின்றன என்று ஒரு படத்தொகுப்பை அங்கிருந்து உருவாக்க முடியும். தமிழில் விளக்கம் எழுதி எல்லாச் செவிலியர் கல்லூரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்ப முடியும். இதற்கு ஆகும் செலவு ஒரு புதிய கட்டடத்தின் திறப்பு விழாச் செலவை விடக் குறைவு.

ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலம். சுகப்பிரசவத்தில் பிறந்த பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. தாயும் சேயும் வீட்டுக்குக் கிளம்பும் நாள். வண்டி வாசலில் நிற்கிறது, பாட்டி பையைக் கட்டிவிட்டார். காலை ஷிப்ட் செவிலியர், இரண்டு ஆண்டு அனுபவம் உள்ள பெண், கடைசியாக ஒருமுறை எடை பார்ப்பதற்காகத் துணியை அவிழ்த்தார். அடிவயிற்றில், தொடை மடிப்பில், நாப்கின் கட்டியிருந்த இடத்துக்குச் சற்று மேலே, கறுப்பு மையால் தொட்டு வைத்தது போன்ற புள்ளிகள். பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “எறும்பு கடித்திருக்கும் சிஸ்டர், வீட்டுக்குப் போய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும்” என்றார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. ஆய்வகத்திலிருந்து ஒரு கண்ணாடி ஸ்லைடை வாங்கி வந்து புள்ளிமேல் வைத்து லேசாக அழுத்தினார். சுற்றியிருந்த தோல் வெளுத்தது, புள்ளி அப்படியே நின்றது. குழந்தையின் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்; அண்ணத்திலும் நான்கைந்து. பேனாவை எடுத்து, புள்ளிகள் முடிகிற எல்லையில் தோலின்மேல் ஒரு மெல்லிய கோடு போட்டு, கேஸ் ஷீட்டில் 9.40 என்று எழுதினார். பிறகு தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பிரசவத்துக்கு முன்னால் காய்ச்சல் இருந்ததா? இருந்தது. வலி வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே. உடம்பு வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மருத்துவர் வருவதற்குள் புள்ளிகள் பேனாக் கோட்டைத் தாண்டிவிட்டன. தட்டணுக்கள் 30,000க்கும் கீழே. மறுநாள் காய்ச்சலும் வந்தது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவிய டெங்கு. மூளையில் கசிவு ஏற்படவில்லை. இரண்டு வாரத்துக்குள் எண்ணிக்கை ஏறி வீட்டுக்குப் போனாள். அன்று அந்தச் செவிலியர் துணியை அவிழ்க்காமல் இருந்திருந்தால், நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில், எண்ணெய் தேய்த்துக் கை கால் நீவிக் குளிப்பாட்டப்பட்டிருப்பாள்.

டெங்கு ஒரு காரணம்தான். முதல் 72 மணி நேரத்துக்குள் தட்டணு குறைந்தால் பெரும்பாலும் கதை கருப்பையில் தொடங்கியிருக்கும். தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் போன குழந்தைகள், வளர்ச்சி குன்றிய குழந்தைகள், பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்கள் இந்த வரிசையில் முன்னே நிற்பார்கள். தாய்க்கே தட்டணுக்களை அழிக்கும் நோய் இருந்தால், அவற்றை அழிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) குழந்தைக்கும் கடந்துவரும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பிறந்த அன்று எண்ணிக்கை நன்றாக இருந்தாலும், இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் சரியும். 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்புகிற நம் வழக்கத்துக்கு இது எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு வகையில் தாயின் தட்டணுக்கள் முற்றிலும் சரியாக இருக்கும், தகப்பனிடமிருந்து வந்த கூறு உள்ள குழந்தையின் தட்டணுக்களை மட்டும் தாயின் உடல் அந்நியமாக எண்ணித் தாக்கும். அது அரிது, ஆனால் கொடியது. குழந்தை பிறப்பதற்கு முன்பே மூளையில் ரத்தம் கசிய வைத்துவிடும், அடுத்த கர்ப்பத்திலும் திரும்ப வரும். 72 மணி நேரத்துக்குப் பிறகு புள்ளிகள் தோன்றினால், குறிப்பாகக் குறைமாதக் குழந்தையிடம், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தத்தில் கிருமித்தொற்றையும் குடல் அழற்சியையும்.

இவற்றில் பாதியைக் கண்டுபிடிக்கும் சாவி தாயின் குறிப்பேட்டில் இருக்கிறது. ஆனால் குழந்தையை, நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுக்கு மாற்றும்போது தாயின் குறிப்பேடு பிரசவ வார்டிலேயே தங்கிவிடுகிறது. குழந்தை ஒரு கட்டடத்தில், தாய் இன்னொரு கட்டடத்தில், காகிதம் மூன்றாவது இடத்தில். தாயின் காய்ச்சல், ரத்த அழுத்தம், தட்டணு எண்ணிக்கை, சாப்பிட்ட மருந்துகள், முந்தைய குழந்தைக்கு ரத்தக் கசிவு இருந்ததா என்ற விவரம் ஆகியவை ஒரே பக்கத்தில் எழுதப்பட்டுக் குழந்தையோடு நடக்க வேண்டும். இதற்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. ஒரு தாள் போதும்.

இனி, புள்ளிகளோடு சிறப்புப் பிரிவுக்கு வந்த குழந்தையைப் பற்றி. மருந்து கொடுப்பதும் தட்டணு ஏற்றுவதும் மருத்துவர் முடிவு செய்வது. ஆனால் 24 மணி நேரமும் அந்தத் தோலைத் தொடுவது செவிலியர் கை. தொடுகிற ஒவ்வொரு தொடுதலும் புதிய கசிவை உண்டாக்கலாம், தடுக்கவும் செய்யலாம். அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இளம் செவிலியர்களும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

முதல் வேலை, தொடுவதைக் குறைப்பது. எடை, துணி மாற்றுதல், வெப்பம் பார்த்தல், ரத்தம் எடுத்தல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் முடித்துவிட்டுக் குழந்தையைத் தூங்க விட வேண்டும். குழந்தை வீறிட்டு அழும்போது தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. தட்டணு குறைந்த குழந்தைக்கு, அதிலும் குறைமாதத்துக்கு, அது நல்லதே இல்லை. வெப்பமானியை அக்குளில் வைக்க வேண்டும்; ஆசனவாய்ப் பக்கமே போகக் கூடாது. தசையில் ஊசி போடச் சொல்லி எழுதியிருந்தால், போடுவதற்கு முன் எண்ணிக்கையை மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டும். குதிகாலில் குத்தினாலும் ரத்தக்குழாயில் குத்தினாலும் ஊசியை எடுத்த பிறகு பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு நகரக் கூடாது. ஐந்து நிமிடமாவது விரலால் நிதானமாக அழுத்திப் பிடித்து, நின்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு, அரை மணி கழித்து மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். பிளாஸ்திரியை விருட்டென்று உரித்தால் தோலே கூட வந்துவிடும். குறைமாதக் குழந்தையின் மேல்தோலும் அடித்தோலும் அவ்வளவு தளர்வாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்த பஞ்சால் ஓரத்திலிருந்து மெல்ல நனைத்து, தோலை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். சளி உறிஞ்சும் குழாயைத் தேவையானபோது மட்டும், குறைந்த அழுத்தத்தில், அளந்த ஆழத்துக்கு மட்டும் விட வேண்டும். ஆக்சிஜன் அளவு பார்க்கும் பட்டையை இறுக்காமல் கட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும்.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தம் 80 முதல் 100 மில்லி ரத்தம்தான் இருக்கும். நாம் ‘கொஞ்சம்தானே’ என்று எடுக்கும் 2 மில்லி அதற்குக் கொஞ்சம் இல்லை. எடுத்த ரத்தத்தைத் தினமும் கூட்டி எழுதி வைக்க வேண்டும். குதிகாலிலிருந்து பிழிந்து எடுத்த மாதிரியில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டலாம். குறைவாக வந்தால் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் ஆய்வகத்துக்கு நினைவூட்டுவது செவிலியரே.

தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புள்ளியைக் கண்ட பதற்றத்தில் முதலில் நின்றுபோவது பால்தான். மருத்துவர் வேறு காரணத்துக்காக நிறுத்தச் சொன்னால் ஒழிய, குழந்தை குடிக்கலாம், குடிக்க முடியாவிட்டால் பீய்ச்சிய பாலைக் கொடுக்கலாம்.

பிறகு, கண்காணிப்பு. புள்ளிகளின் எல்லையைப் பேனாவால் குறித்து, ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் வந்தவரும் போகிறவரும் குழந்தையின் பக்கத்தில் நின்று, துணியை விலக்கி, சேர்ந்து பார்க்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து வாயால் ஒப்படைப்பது இந்தக் குழந்தைகளுக்குப் போதாது. உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, தலைச் சுற்றளவு கூடுகிறதா, அழுகை கீச்சென்று மாறியிருக்கிறதா, நேற்று இழுத்துக் குடித்த குழந்தை இன்று காம்பைப் பிடிக்கவே சோம்புகிறதா, திடீரென்று வெளிறுகிறதா, மூச்சு இடையில் நிற்கிறதா, ஒரு கை மட்டும் துடிக்கிறதா, மலம் கறுத்திருக்கிறதா, தொப்புளில் ரத்தம் ஊறுகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் அழைக்க வேண்டும்; நடுநிசியாக இருந்தாலும் அழைக்க வேண்டும்.

தட்டணு ஏற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 34 வாரத்துக்கு முன் பிறந்த 660 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. எண்ணிக்கை 50,000க்குக் கீழே போனவுடனேயே தட்டணு ஏற்றப்பட்ட குழுவில் 26 சதவீதக் குழந்தைகள் இறந்தன, அல்லது பெரிய ரத்தக் கசிவுக்கு உள்ளாயின. 25,000 வரை பொறுத்திருந்த குழுவில் அது 19 சதவீதம். எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஏற்றுவது குழந்தைக்கு நன்மை செய்யவில்லை, தீமையும் செய்யலாம் என்பது அதன் பொருள். அப்படியானால் ஏற்றுவதா வேண்டாமா என்ற முடிவு பெருமளவுக்குக் குழந்தை கசிகிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. கசிகிறதா என்று மணிக்கு மணி சொல்ல வேண்டியவர் யார்? செவிலியர். அவருடைய குறிப்பு ஆய்வக அறிக்கைக்குச் சமமான எடை உடையது. அந்தக் குறிப்பு எழுதுவதற்கு நாலு குழந்தைக்கு ஒரு செவிலியராவது இருக்க வேண்டாமா? இரவு ஷிப்டில் ஒற்றை ஆளாக, அதுவும் தொகுப்பூதியத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் பெண்ணிடம் மணிக்கு மணி குறிப்பு கேட்பது நியாயமா? ஏற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், ரத்த வங்கியிலிருந்து வரும் தட்டணுப் பையைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பதைப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், அசைந்துகொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். வந்தவுடன் ஏற்றிவிட வேண்டும்.

வைட்டமின் கே ஊசியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வைட்டமின் கே குறைவால் வரும் கசிவு பொதுவாகப் பொடிப் புள்ளிகளாக வராது. கன்றிப்போன பெரிய திட்டாக, தொப்புளில் நிற்காத கசிவாக, ஊசி போட்ட இடத்தில் ஊறும் ரத்தமாக வரும். பிறந்து இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் வருகிற வகைதான் பயங்கரமானது. முழுக்கத் தாய்ப்பால் குடித்து நன்றாக வளரும் குழந்தை, அதற்கு முன்பு மூக்கிலோ தோலிலோ ஒரு சின்னக் கசிவைக் காட்டிவிட்டு, ஒரு நாள் திடீரென்று வலிப்போடு வரும். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் மூளைக்குள் கசிந்திருக்கும். பிறந்தவுடன் தொடையில் போடும் ஒரே ஓர் ஊசி, 1 மில்லிகிராம், ஒரு கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு அரை மில்லிகிராம், இதைத் தடுத்துவிடும். மத்திய அரசு 2014இல் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டுவிட்டது. நம் அரசு மருத்துவமனைகளில் போடுகிறோம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் அட்டையில் ‘போடப்பட்டது’ என்று நேரத்தோடு எழுதிக் கொடுக்கிறோமா? சிறிய தனியார் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தை இரண்டு மாதத்தில் வலிப்போடு நம்மிடம் வரும்போது, ஊசி போட்டார்களா என்று பெற்றோரைக் கேட்டால் அவர்களுக்குத் தெரிவதில்லை. அட்டையில் அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள், தனியாருக்கும் சேர்த்து.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டிகளைக் குறைசொல்லும் பேச்சு சுகாதாரத் துறையில் அதிகம். நான் அதில் சேர மாட்டேன். வீட்டில் குழந்தையைத் தினமும் துணியில்லாமல் முழுசாகப் பார்க்கும் ஒரே ஆள், கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுகிற அந்தப் பெரியவர்தான். மருத்துவர் பார்ப்பதில்லை, பல வீடுகளில் தாய்கூடப் பார்ப்பதில்லை. அவரை நாம் நம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்குப் போகும்போது, ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் பக்கவாட்டைக் குழந்தையின் தோல்மேல் அழுத்தி, ‘இப்படி அழுத்தியும் மறையாத புள்ளி வந்தால் எண்ணெய் தேய்க்க வேண்டாம், நீவ வேண்டாம், செவ்வாப்பு என்று மருந்து உரைத்து ஊற்ற வேண்டாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள் அம்மா’ என்று ஒரு தடவை செய்து காட்டினால் போதும். பல பிள்ளைகளை வளர்த்த கை அது, சொன்னால் பிடித்துக்கொள்ளும். கையில் காலில் கட்டுகிற கறுப்புக் கயிற்றை ஒரு விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டச் சொல்லுங்கள், அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். பிறந்த குழந்தையின் சிகிச்சை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம் என்று 2011இலிருந்து திட்டம் இருக்கிறது. செலவுக்குப் பயந்து காத்திருக்க வேண்டாம் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லும்போது கோபம் வருகிறது. ஒரு செவிலியர் புள்ளியைப் பார்க்கிறார், எழுதுகிறார், பயிற்சி மருத்துவரிடம் சொல்கிறார். ‘பார்க்கலாம் சிஸ்டர்’ என்கிறார் அவர். ஆறு மணி நேரம் போகிறது. பார்த்தவருக்கு மேலே போய்ச் சொல்லும் அதிகாரம் கிடையாது. சொன்னால் எல்லை மீறிவிட்டார் என்ற பெயர். இதை மாற்ற உங்கள் ஒரு சுற்றறிக்கை போதும்: அழுத்தினால் மறையாத புள்ளியை மார்புக்குக் கீழே கண்ட செவிலியர், மருத்துவர் வரும்வரை காத்திராமல் தட்டணு எண்ணிக்கைக்கு மாதிரி அனுப்பலாம், ஒரு மணி நேரத்தில் மருத்துவர் வந்து பார்க்காவிட்டால் குழந்தைகள் நல மருத்துவரை நேரடியாக அழைக்கலாம், அழைத்ததற்காக எவரும் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர் என்றால் 108ஐ அழைத்து, எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறாரோ அங்கே முன்கூட்டியே தகவல் சொல்லி, தாயின் விவரத் தாளோடு அனுப்பலாம்.

கேஸ் ஷீட்டில் ‘தோல்’ என்று ஒரு கட்டம், முன்பக்கமும் பின்பக்கமுமாகக் குழந்தையின் உடல் வரைந்த ஒரு சிறு படம், புள்ளிகளைக் குறிக்க இடம், நேரம், கையெழுத்து. ஒவ்வொரு பிரசவ வார்டிலும் ஒரு நல்ல விளக்கு, ஒரு பெட்டிக் கண்ணாடி ஸ்லைடு, தோலில் எழுதும் பேனா. டெங்கு கூடும் மாதங்கள் அக்டோபரில் தொடங்குகின்றன. அதற்கு முன் அந்தக் கட்டம் அச்சாகி வார்டுகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பயிற்சி கொடுக்க ஆள் இல்லை என்று யாராவது சொன்னால், என்னைப் போல் ஓய்வுபெற்ற செவிலியர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம், பயணப்படி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு செவிலியர்